மணிச்சத்துக்கு வந்த பங்குதாரர்கள்

"அதெல்லாம் சரி மேடம். எனக்கு இன்னா பங்கு? அத்த மொதல்ல சொல்லுங்க" என்றார் முன்வரிசையில் இருந்த கனகாம்பாள்.

வேளாண் உதவி அலுவலர் திலகவதிக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஊர் ஏரி பச்சைப் பாசி பிடித்து மீனெல்லாம் செத்து மிதக்கிறது. வயலில் அளவுக்கு மீறிப் போடும் பாஸ்பரஸ் என்கிற மணிச்சத்து உரமும் ஆலைக் கழிவும்தான் காரணம். பாறையிலிருந்து எடுக்கும் மணிச்சத்தோ தீர்ந்துகொண்டே வருகிறது; ஆலைகள் கழிவிலிருந்து அதைப் பிரித்துத் திருப்பித் தரலாம். விவசாயி, மீன் பிடிப்பவர், ஆலைக்காரர் எல்லோரையும் சேர்த்து 'மணிச்சத்து பங்குதாரர் கூட்டம்' நடத்தித் தீர்மானம் வாங்க வேண்டும். இரண்டு முறை கூட்டம் போட்டாள். இரண்டு முறையும் ஆள் வராமல் பிஸ்கட்டைத் திருப்பி எடுத்துப்போனாள். இன்று திருவள்ளூர் கல்யாண மண்டபத்தின் கீழ்க்கூடம் நிறைந்திருந்தது.

"எல்லாருக்கும் சம பங்குதாம்மா."

"சம பங்கா?" தணிகாசலம் எழுந்தார். "பத்து வருசமா ஒண்டியா பாத்துக்கினு கீறேன். இவங்க எட்டிக்கூடப் பாக்கல."

"அப்படின்னா உங்களுக்குத்தான் பெரிய பங்கு ஐயா" என்று தட்டிக்கொடுத்தாள் திலகவதி.

"நீங்க அவன் ஆளா மேடம்?" என்றார் கனகாம்பாள்.

திலகவதி அவசரமாக விஷயத்துக்கு வந்தாள். "சண்டை வேணாம். மணிச்சத்துல ஏற்கெனவே பாதி ஏரிக்குள்ள போயிடுச்சு."

எல்லோரும் தணிகாசலத்தையே பார்த்தார்கள். "ஏரிப் பொறம்போக்குன்னு நான் அன்னிக்கே சொன்னேன்" என்றது ஒரு குரல். திலகவதிக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

ஆலைச் சீருடையில் இருந்தவரைப் பிடித்தாள். "சார், நீங்க கம்பெனி தரப்புதானே?"

"ஆமா மேடம், தேர்வாய் கண்டிகை கம்பெனி. பேரு அன்புசெல்வன்."

"எடுத்ததுல கொஞ்சமாவது திருப்பித் தரலாம் இல்லையா?"

அவர் முகம் வெளுத்தது. "நான் எதுவும் எடுக்கல மேடம். மாமா குடுத்த பைக் ஒண்ணுதான். வேணும்னா அதையும் வுட்டுர்றேன்." சாவியை மேசைமேல் வைத்தார்.

ஆலைக் கழிவுக்கும் பைக்குக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கும் தெம்பு அவளுக்கு இல்லை. விளக்கத்தை விட்டுவிட்டுத் தீர்மானத்தையே படித்தாள்.

"பேராசைப்பட்டு அதிகம் எடுக்க மாட்டோம். இருப்பதை எல்லோரும் பகிர்ந்துகொள்வோம். நமக்குப் பின்னால் வரும் பிள்ளைகளுக்கும் மிச்சம் வைப்போம்."

கனகாம்பாள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார். தணிகாசலம் அவர் பக்கம் திரும்பினார்.

"வுட்டுக்குடுத்துட்டேன்க்கா. எங்க கையெழுத்து போடணும்?"

இருபத்திரண்டு பேரும் வரிசையில் வந்து கையெழுத்துப் போட்டார்கள். சிலர் கட்டிப்பிடித்து அழுதார்கள். பாஸ்பரஸுக்காக இத்தனை பேர் அழுது திலகவதி பார்த்ததில்லை. அவளுக்கும் கண் கலங்கியது.

அப்போது மாடிப்படியிலிருந்து மண்டபத்து வாட்ச்மேன் எபினேசர் மூச்சிரைக்க இறங்கி வந்தார்.

"மேடம், இவங்க செத்துப்போன மணியோட சொத்துக்கு வந்தவங்க, உங்க மணிச்சத்து ஆளுங்க மாடியில கீறாங்க, இவங்க வக்கீலு அங்க ஏரியை ஏழு பங்கா பிரிச்சு அவங்ககிட்ட கையெழுத்தும் வாங்கிட்டாரு."