என் பேரைச் சொன்ன உங்கள் தங்கை

மல்லாங்கிணறு,
12-8-62

விருதுநகர் மிளகாய் வத்தல் கடை மச்சான் தங்கச்சாமி அவர்கள் சமூகத்துக்கு, உங்கள் தங்கை சண்முகத்தாயின் வீட்டுக்காரன் எழுதிக்கொள்வது. இங்கே ஆடு மாடு உள்பட எல்லோரும் சௌக்கியம், என்னைத் தவிர.

மார்ச்சில் சொர்ணலட்சுமி எஸ்.எஸ்.எல்.சி. இங்கிலீசில் கோட்டைவிட்டது தாங்கள் அறிந்ததே. படித்தது போதும், தை பிறந்தால் கல்யாணம் என்றேன் நான். அக்டோபரில் மறுபடி எழுதி என் மகள் டீச்சராவாள் என்று உங்கள் தங்கை ஒற்றைக்காலில் நின்று, காரியாபட்டி சின்னச்சாமி வாத்தியாரை டியூசனுக்கு வரவழைத்துவிட்டாள். பரீட்சைப் பாரத்தில் நான் கையெழுத்துப் போடவில்லை. வாத்தியார் இப்போது நடத்துவது, ஒருத்தரை ஒரு வேலை செய்யச் சொல்லும் வாக்கியமாம். 'ஐ வான்ட்' என்று ஆரம்பித்து, ஆள் பேரைச் சொல்லி, 'டு' போட்டு, அந்த ஆள் செய்யவேண்டிய வேலையைச் சொன்னால் முடிந்ததாம். வீட்டு ஆட்கள் பேரை வைத்தே பழகச் சொல்லிவிட்டுச் சைக்கிள் ஏறிவிட்டார். வேலை வாங்குற வித்தையை உங்க தங்கச்சிக்குப் போயா சொல்லிக் குடுக்கணும், மச்சான்? மகளுக்குத் துணைக்கு உக்காந்தவ, மகளுக்கு முந்திப் படிச்சுட்டா.

கல்யாணமாகி இருபது வருசம். என்னைச் 'சொர்ணத்தோட அய்யா'ன்னுதான் சொல்லுவா. ஓட்டர் லிஸ்டு எழுத வந்தவர் புருசன் பேர் கேட்டப்பக்கூட, அடுத்த வீட்டு ராக்காயியைக் கூப்பிட்டுச் சொல்ல வச்சவ. அப்படிப்பட்டவ நேத்துக் காலையில, வண்டியில எரு ஏத்துற அம்புட்டுப் பேருக்கும் முன்னால பாரத்தை நீட்டி, 'ஐ வான்ட் பெத்தணன் டு சைன்'ங்கிறா. செல்லச்சாமி எருக்கூடையைக் கீழே போட்டுட்டான்.

"என்னடி, பேரைச் சொல்றே?"ன்னு கேட்டேன்.

"தமிழ்ல சொன்னாத்தானே உங்க ஆயுசுக்கு ஆகாது? இது இங்கிலீசு"ன்னுட்டா.

ஊரே சிரிக்கு, மச்சான். உடனே பஸ் ஏறி வந்து, டியூசனை நிறுத்தச் சொல்லி உங்க தங்கச்சிக்கு நாலு வார்த்தை சொல்லிட்டுப் போங்க. நான் சொன்னா இந்த வீட்டுல எடுபடலை.

அங்கே பெரியவர்களுக்கு என் கும்பிடு. சின்னவர்களுக்கு என் ஆசி.

இப்படிக்கு,
மேற்படி பேருக்குச் சொந்தக்காரன்,
பெத்தணன்

பி.கு.: வந்தால் டியூசனைப் பற்றி மூச்சுவிட வேண்டாம். பாரத்தில் கையெழுத்துப் போட்டாகிவிட்டது. அக்டோபரில் பரீட்சைக்குச் சொர்ணம் உங்கள் வீட்டில்தான் தங்குவாள். உங்க தங்கச்சி சொன்ன உடனே போட்டுட்டேன்னு நெனைச்சுராதீக. காது சரியாக் கேக்கலைன்னு மூணு தடவை சொல்ல வச்சுத்தான் போட்டேன்.