ராசாவின் புத்தகமும் திருக்கைக் கருவாடும்

குருநகர்.

மதிப்புக்குரிய குஞ்சியப்பா அடைக்கலநாதன் அவர்களுக்கு,

உங்கள் பெறாமகன் எமில்ராஜ் பணிவுடன் எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் நான் சுகம். உங்கள் புத்தகங்கள் அவ்வளவு சுகமில்லை. இதை ஃபோனிலேயே சொல்லியிருப்பேன். ஆனால் வீடியோவில் வந்தவுடன் "மூஞ்சையை எடு, புத்தக மட்டையைக் காட்டு" என்கிறீர்கள். அதனால்தான் கடிதம்.

அப்பாவும் அம்மாவும் அக்காவின்ரை பிள்ளைப்பேறு பாக்கக் கனடா போனாப்பிறகு, கம்பஸ் படிப்பை விட்டிட்டுச் சும்மா இருக்கிற பொடியன்தானே எண்டு பாரிசிலையிருந்து பெட்டி பெட்டியாக் கப்பலிலை அனுப்பினியள். எல்லாம் பழைய ராசாக்கள் வைச்சிருந்த புத்தகம், தோல் மட்டை, நடுவிலை தங்கத்திலை சிங்கம், கிரீடமெண்டு அவையின்ரை சின்னம். உள்ளுக்கு என்ன எழுதியிருக்கெண்டு கேட்டன். உங்களுக்கும் தெரியாதாம், மட்டைதான் சாமானாம். சரி. ஃபானை அலுமாரிப் பக்கம் திருப்பிவிட்டிட்டு நான் வேர்வையிலை கிடந்தன். மாரி வர ராசாக்களுக்குப் பூஞ்சணம் பிடிச்சுது. தேங்காயெண்ணெய் பூசினன், எறும்பு வந்துது. எறும்பு போகட்டுமெண்டு, பக்கத்து வீட்டு லூர்த்தம்மா மாமி திருக்கை காயவிட்டிருந்த வலையிலை ஒரு கரையிலை இடம் பாத்துப் பரப்பினன். உங்கடை பெரிய சிவத்த மட்டை திருக்கை மாதிரியே காய்ஞ்சு நெளிஞ்சு போச்சு. கடிதத்திலை மணம் வராது, நல்லகாலம்.

திருக்கை பிரட்ட வந்த மாமி, மட்டையிலை கிரீடமும் அதுக்கு மேலை குருசும் இருக்கிறதைக் கண்டிட்டு, முக்காட்டைப் போட்டுக் குனிஞ்சு உதட்டாலை முத்தி செய்தா. பின்னேரம் நாலஞ்சு பொம்பிளையள் மெழுகுதிரியோடை வந்து அலுமாரிக்கு முன்னாலை செபமாலை. எனக்கு விசர் வந்துது. புத்தகத்தைத் திறந்து படத்தைக் காட்டினன். ஒரு குதிரைக்கு வயித்துக்குத்து, பின்பக்கத்தாலை ஒருத்தன் குழாய் விடுறான். மாமி வடிவாப் பாத்தா. "ஆண்டவர் பிறந்தது மாட்டுக் கொட்டிலிலைதானே தம்பி. குதிரைக்கும் ஆரும் மன்றாடத்தானே வேணும்" எண்டா. பிறகு ஃபானைப் பாத்து, "ராசாவுக்குக் காத்து, உனக்கு வேர்வையோ?" எண்டு என்ரை பக்கம் திருப்பிவிட்டா.

அண்டு தொடக்கம் ஒவ்வொரு நாளும் வருகினம். பாடுகினம், தேத்தண்ணி போடுகினம், என்ரை சட்டியைத் திறந்து பாத்து உது கறியோ கழுநீரோ எண்டு நக்கலடிக்கினம். உங்கடை சிங்கத்தின்ரை வாலிலை மெழுகு. ஆகவே தயவுசெய்து உடனே ஆளனுப்பிப் பெட்டிகளை எடுப்பிக்கவும். மாத முடிவில் நான் வீட்டைப் பூட்டிவிட்டுக் கொழும்பு போகிறேன். இது முடிவு.

குஞ்சியம்மாவுக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. அந்தோனியார் உங்களையும் மிச்ச மட்டைகளையும் காப்பாராக.

இப்படிக்கு,
கீழ்ப்படிவுள்ள எமில்ராஜ்

பி.கு.: ஆளனுப்ப வேண்டாம். பெட்டியள் போகப்போகுதெண்டு நேற்று மாமியிட்டைச் சொன்னன். செபம் முடிஞ்சும் எழும்பாமல் இருந்தா. "அப்ப பின்னேரத்திலை நீ என்ன செய்வாய்?" எண்டு கேட்டா. நான் எழும்பித் தேத்தண்ணி போடப் போனன். இன்னொரு பெட்டி இருந்தா அனுப்புங்கோ, குருசு வைச்ச கிரீடமாப் பாத்து. இனிப் பின்னேரத்திலை வீடியோ கோல் எடுங்கோ, மட்டையைத்தான் காட்டுவன். பின்னாலை நிக்கிற ஆக்களுக்குள்ளை நானும் நிப்பன்.