லீவு லெட்டரும் சதுரங்கப் பலகையும்

சுயம்பு அடுப்பில் மரம் ஒட்டுகிற வஜ்ஜிரப் பசையைக் கிண்டிக்கொண்டிருந்தபோது, செத்துப்போன மாமியார் வாசலில் வந்து நின்றார்.

செத்தது லீவு லெட்டரில் மட்டும்தான். ராயபுரத்தில் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனிக் கிடங்கில் சுயம்பு தற்காலிகக் குமாஸ்தா. வேலையை நிரந்தரமாக்க ஹெட் கிளார்க் தமீம் சாயபு மனசு வைக்க வேண்டும். சாயபுவுக்குச் சதுரங்கம் என்றால் சோறு தண்ணி வேண்டாம். அவரிடம் போய் இவன், "நம்ம வூட்ல பர்மா தேக்குல பலகையே கீது சார்" என்று அளந்துவிட்டான்.

"நாளன்னிக்குக் கொண்டா. ஒரு ஆட்டம் போட்டுட்டு உன் வேலையைப் பத்திப் பேசலாம்" என்றார் அவர்.

வீட்டில் தேக்கும் இல்லை, பலகையும் இல்லை. பாவி, வேறென்ன செய்வான்? மாமியார் இறந்துவிட்டதாக எழுதி அனுப்பிவிட்டு, பழைய சாமான் பெட்டியை உடைத்து அறுக்க உட்கார்ந்துவிட்டான்.

"வாங்க அத்தே. இன்னா, மீஞ்சூர்லேர்ந்து திடீர்னு?"

"பூவைப் பாக்கணும்னு தோணிச்சு மாப்ளே."

அவன் பெண்டாட்டி பூவம்மா திருவொற்றியூரில் தீப்பெட்டிக் கம்பெனிக்கு வேலைக்குப் போயிருந்தாள். வர ஆறு மணியாகும்.

"இருந்து பாத்துட்டுப் போறேன்" என்று மாமியார் உள் மூலையில் உட்கார்ந்தார்.

"கஞ்சி குடிக்கிறீங்களா?"

"பேரப்புள்ள பொறக்காத வூட்ல நான் எப்பனா கை நனைச்சிகீறனா?"

அது பழைய வைராக்கியம். கல்யாணமான நாளிலிருந்து அவர் இங்கே பச்சைத் தண்ணீர்கூடக் குடித்ததில்லை. சித்திரை வெயிலில் ஊரே வெந்துகொண்டிருந்தது. அந்த மூலைப் பக்கம் ரம்பம் எடுக்கப் போனபோது மட்டும் சுயம்புவுக்குக் கை சில்லிட்டது. கடல் காற்று என்று நினைத்துக்கொண்டான்.

அறுத்த கட்டங்களை ஒட்டினால் ஒரு ஓரம் ஒல்லியாக நின்றது. அதைச் சரிக்கட்ட இழைத்தான்; மறு ஓரமும் ஒல்லியானது. கறுப்புக் கட்டத்துக்கு ஆபீஸ் மையைத் தடவினான். அது ஊறி வெள்ளைக் கட்டத்துக்கும் குடிபோனது. வஜ்ஜிரம் வேறு செத்த எலி மாதிரி நாறியது. நாற்றம் போகச் சாம்பிராணி போட்டான்.

மாமியார் முதல் தடவையாகச் சிரித்தார். "நல்லா கீது மாப்ளே. இன்னும் கொஞ்சம் போடு."

அந்தப் புகைக்குள்தான் தமீம் சாயபு வந்து நின்றார்.

"மனசு கேக்கல சுயம்பு. துக்கம் விசாரிக்க வந்தேன். எடுத்தாச்சா?"

"மத்தியானமே எடுத்தாச்சு சார்."

சாயபுவின் கண் ரம்பத்தின் மேல் போயிற்று. "சாவு வூட்ல இன்னா மரவேலை?"

"இந்தப் பலகைன்னா அத்தைக்கு உசுரு சார். பேந்துபோச்சு, ஒட்டி வையின்னு கடேசியா கேட்டுகினாங்க."

சாயபு உருகிப்போனார். பிறகு மூலையைப் பார்த்தார். "அது யாரு?"

"அத்தையோட தங்கச்சி சார். ரெட்டைப் பொறவி."

சாயபு நேராகக் கிழவியிடம் போனார். கிழவி வாயைத் திறந்தால் வேலை போச்சு, சோறு போச்சு.

"அக்கா போயிட்டாங்களேம்மா" என்றார் சாயபு.

"ஆமாங்க. போறப்போ வலியே தெரியல" என்றார் மாமியார் நிதானமாக.

சுயம்பு அசந்துபோனான். சொல்லிக்கொடுக்காமலே இப்படிப் பேசுகிறாரே, இத்தனை நாள் இந்தப் பொம்பளையைச் சரியாக எடைபோடவில்லையே என்று அவனுக்கு வெட்கமாகக்கூட இருந்தது.

சாயபு கண்ணைத் துடைத்துக்கொண்டு, கோட்டுப் பையிலிருந்து காய்களை எடுத்தார். "அவங்க ஞாபகமா ஒரு ஆட்டம்."

பசை காயவில்லை. குதிரையைத் தூக்கினால் கட்டமும் கூடவே வந்தது. ராஜாவைப் பிய்த்து எடுக்க வேண்டியிருந்தது. சுயம்பு தோற்றான், தோற்கத்தானே வேண்டும்.

"தேக்குதான், பிடி நல்லா கீது" என்று எழுந்தார் சாயபு. "நாலு நாள் கழிச்சு வா. உன் பேரை நிரந்தரத்துக்கு எழுதிடறேன்."

அவர் தலை தெருமுனையில் மறைந்ததும் சுயம்பு மூலையைப் பார்த்துக் கும்பிட்டான். "அத்தே, எங்க வயித்துல பாலை வார்த்தீங்க. இந்த ஜென்மத்துல மறக்க மாட்டேன்."

"பூவு வர நேரமாச்சா?" என்றார் அவர். அது ஒன்றுதான் அவர் கேட்டது.

வாசலில் காலடிச் சத்தம். பூவம்மா இல்லை, அவள் தம்பி வேலப்பன். ரயிலடியிலிருந்து ஓடி வந்திருக்கிறான், மூச்சு வாங்கியது, கண்ணெல்லாம் வீங்கியிருந்தது.

"அக்கா எங்க மாமா?"

"இப்போ வந்துடுவா. நீ உள்ள வா, உங்கம்மாவும் வந்துகீறாங்க."

வேலப்பன் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தான். "இன்னா மாமா உளர்ற? காத்தாலயே அம்மா உசுரு போயிடுச்சு. அக்கா மூஞ்சைக் காட்டிட்டுத்தான் எடுக்கணும்னு அங்க பொணத்தைப் போட்டுகினு குந்திகினுகீறோம்."