சோளத்துக்குத் தீர்ப்புச் சொன்னவன்

யாரும் கூப்பிடாமலே எல்லா வழக்குக்கும் தீர்ப்புச் சொல்லும் ஓர் இனம் மனிதர்களில் உண்டு. தூரத்தில் தேட வேண்டாம். முதல் ஆள் நான்தான்.

நான் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரன். மரபணு மாற்றிய பயிரைப் பற்றி எனக்கென்ன தெரியும் என்கிறீர்களா? தெரியாததால்தானே தயங்காமல் பேச முடிகிறது! அதிலும், கண் சோதிக்கும் கனத்த கண்ணாடிச் சட்டத்தை மூக்கில் சுமந்துகொண்டு, ஒரு கண்ணை மூடி, மறு கண்ணால் சுவரிலிருக்கும் எழுத்துகளைத் துழாவியபடி எழுந்து ஓட வழியில்லாமல் உட்கார்ந்திருக்கும் வாடிக்கையாளரைவிட நல்ல சபை எங்கே கிடைக்கும்?

"கடைசி வரியைப் படிங்க."

"ம... ப..."

"அது கிடக்கட்டும் சார். அவனவன் மண்ணுக்கு எது வேணும், எது வேணாம்னு அவனவன் நாடுதானே சொல்லணும்? தடை பண்ணணும்!"

பண்ணியே விட்டார்கள். விரும்பிய நாடு அந்தப் பயிரைத் தடுத்துக்கொள்ளலாம் என்று எங்கள் கூட்டமைப்பு நாடுகளெல்லாம் கூடி முடிவெடுத்ததும் எங்கள் நாடு முந்திக்கொண்டது. ஏதோ நானே கையெழுத்துப் போட்டதுபோல இனிப்பு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

மகள் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். விதை ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை. தண்ணீர் குறைந்தாலும் தாங்கும்படி மரபணு மாற்றிய சோளத்தைச் சில வருடங்களாக வளர்த்து வந்தவள்.

"எங்க சோதனை வயலை மூடிட்டாங்கப்பா. பக்கத்து நாட்டுல தடை இல்ல. வரச் சொல்லியிருக்காங்க."

"நாடு தடை பண்ணட்டும்மா... உன் வயலை எதுக்கு?"

"ஏங்க, அவ வயல் என்ன ஆகாசத்துலயா இருக்கு?" என்றாள் மனைவி.

மகள் கோபப்படவில்லை. "நீங்க பேசினதுல பாதி சரிதான்ப்பா. எந்தப் பாதின்னு ஒரு நாளாவது என்கிட்ட கேட்டிருக்கலாம்."

சுருக்கென்றது. இனிப்புப் பொட்டலத்தை யாரும் பிரிக்கவில்லை.

பேருந்து நிலையத்தில், அவள் ஏறி உட்கார்ந்த பிறகு கேட்டேன். "அந்தப் பாதி எதும்மா?"

அவள் முகம் மலர்ந்துவிட்டது. ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, காற்றில் பறக்கும் மகரந்தம், பக்கத்து வயல்காரர் பயம், விதை யார் கையில் இருக்கிறது என்று ஆசையாகச் சொல்லத் தொடங்கினாள். நானும் கேட்டேன், சத்தியமாகக் கேட்டேன். மூன்றாவது வாக்கியத்தில் என் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"அதுக்குக் காரணம் என்ன தெரியுமா..."

வண்டி நகர்ந்தது. காரணத்தைச் சொல்லிக்கொண்டே கொஞ்ச தூரம் கூடவே ஓடினேன்.

சிரியுங்கள், பரவாயில்லை. ஆனால் ஒன்று: இதைப் படித்து முடிப்பதற்குள் அந்தத் தடை சரியா தப்பா என்று உங்கள் மனத்தில் தீர்ப்பு எழுதியாகிவிட்டதா?

வாருங்கள், பங்காளி.