முதல் வரிசையில் ஒரு கறுப்புப் பெட்டி

"என்னங்க, கராஜ்ல இருக்கற எல்லாத்தையும் எடுத்துட்டு வாங்க. ட்ரில், ஏணி, புல்லு வெட்டற மெஷின், ஒண்ணு விடக்கூடாது!"

சமையலறையிலிருந்து சாரதாவின் குரல் வந்தபோது, சேனாபதி கராஜில் ஒரு கறுப்புப் பெட்டியை மார்போடு அணைத்தபடி நின்றிருந்தான். டிபன் பாக்ஸ் அளவுதான் இருக்கும். நம்பர் பூட்டுப் போட்டது.

காலண்டரில் ஆயுத பூஜை செவ்வாய்க்கிழமையே முடிந்துவிட்டது. ஆனால் டெக்ஸாஸில், அதிலும் ஆலன் நகரில், சரஸ்வதியும் சனிக்கிழமை வரை காத்திருந்துதான் ஆகவேண்டும்.

பெட்டிக்குள் ஒரு ரிவால்வர் இருந்தது. குட்டையான குழல். ஐந்து தோட்டா கொள்ளும் உருளை. விசையை ஒரே இழுப்பாக இழுத்தால் போதும். உருளை தானே சுழலும், சுத்தியல் தானே எழும்பி விழும். தோட்டா எதுவும் வீட்டுக்கு வந்ததில்லை. அவை துப்பாக்கி சுட்டுப் பழகும் ரேஞ்ச் லாக்கரில் பத்திரமாக இருந்தன. வியாழக்கிழமைகளில் சாரதா யோகா வகுப்புக்குப் போனதும் சேனாபதி பெட்டியைத் திறந்து, அதை மெல்லிய துணியால் துடைப்பான். அந்த ஒரு மணி நேரத்தில் மீட்டிங், டெட்லைன், கிரீன் கார்டு எதுவும் அவனுக்கு ஞாபகம் வராது. ஜன்னல் வழியே சாயங்கால வெயில் வந்து எஃகின் மேல் உட்கார்ந்துவிட்டுப் போகும்.

சான் ஹோசேயிலிருந்து இங்கே மாறி வந்தபோது, "அங்க வீட்டுக்கு வீடு துப்பாக்கி இருக்குமாமே!" என்று சாரதாவின் அம்மா ஈரோட்டிலிருந்து போனில் அழுதார். சேனாபதி மகள் வெண்பாவின் தலையில் கைவைத்து, "நம்ம வீட்டு வாசப்படி ஏறாது அத்தை" என்று சத்தியம் செய்தான். அவன் கைமேல் சாரதாவும் கைவைத்தாள். அதன்பிறகு எந்த விருந்துக்குப் போனாலும் அவள் சொல்லும் வாக்கியம் ஒன்று உண்டு. "இவர் எங்கிட்ட ஒரு பொய் சொன்னதில்ல. எனக்கு அது போதும்."

அதைக் கேட்கும்போதெல்லாம் சேனாபதிக்குத் தொண்டையில் வடை அடைத்துக்கொள்ளும்.

எல்லாவற்றுக்கும் காரணம் மெஸ்கீட்தான். அந்த ரிவால்வரின் சொந்தக்காரர்களுக்கென்றே இணையத்தில் ஒரு மன்றம் இருந்தது. ஒருவர் தன் ரிவால்வருக்குப் பிறந்தநாள் கொண்டாடி கப் கேக் வெட்டியிருந்தார். இன்னொருவர், அதன் மேல் லாரி ஏறி இறங்கியும் குறி தப்பவில்லை என்று படத்தோடு நிரூபித்திருந்தார். மெஸ்கீட் என்ற பெயரில் எழுதுபவர் மட்டும் வேறு மாதிரி. 'கையில் எடுத்தால் என் சமையலறைக் குழவியின் கனம். விசையை அவசரப்படுத்தாதே. மெதுவாக இழு, இன்னும் மெதுவாக. நீ காத்திருந்தது தானே வந்து சேரும்.' இதைப் படித்த அன்று சேனாபதிக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பல்லியைக் கண்டால் நாற்காலியில் ஏறும் அவன், அயர்ன்ஹாக் என்ற பெயரில் மன்றத்தில் சேர்ந்தான். மெஸ்கீட் சிபாரிசு செய்த ரிவால்வரையே வாங்கினான். அவர் சொன்ன பெட்டியையே வாங்கினான். 'ரேஞ்சில் எல்லாப் பெட்டியும் ஒரே மாதிரி இருக்கும், அடியில் உன் மன்றப் பெயரை ஒட்டிவை' என்று அவர் சொன்னபடியே ஒட்டியும் வைத்தான்.

மெஸ்கீட்டை அவன் கண்ணை மூடினால் பார்க்க முடிந்தது. வெள்ளை மீசை. தொப்பி. மேற்கு டெக்ஸாஸில் எங்கோ ஒரு பண்ணை, காலடியில் ஒரு கிழட்டு நாய். பண்ணைக்காரருக்குக் குழவி எதற்கு என்று ஒருமுறை யோசித்தான். மிளகு அவரே இடிப்பார் போலிருக்கிறது.

"என்னங்க, தூங்கிட்டீங்களா?" சாரதா கராஜ் வாசலில் நின்றாள்.

சேனாபதி பெட்டியை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான். முதுகுக்குப் பின்னால் கண்ணாடிக் கதவு இருந்தது; பெட்டி அதில் பளிச்சென்று தெரிந்தது.

"அது என்ன பெட்டி?" அவள் முகம் சட்டென்று வெளுத்தது. "அது... எங்க இருந்துச்சு?"

"இங்கதான். கராஜ்ல."

"கராஜ்லயா? நல்லாத் தெரியுமா?"

அவள் திரும்பி லாண்டரி ரூமுக்கு ஓடினாள். அரை நிமிடத்தில் நிதானமாகத் திரும்பி வந்தாள். "வாஷர் நின்னுடுச்சான்னு பாத்தேன். ஆமா, இதுல என்ன இருக்கு?"

"ஆபீஸ் டிஸ்க். பேக்கப்."

"அய்யோ, நமக்குச் சோறு போடற சாமான்! அதைப் போய்க் குப்பையோட குப்பையா வெச்சிருக்கீங்களே!"

அவள் பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு போய், சரஸ்வதி படத்துக்கு நேர் எதிரே, முதல் வரிசையில், லேப்டாப்புக்கும் பிரஷர் குக்கருக்கும் நடுவில் வைத்தாள்.

சேனாபதி பாத்ரூமுக்குள் புகுந்து மெஸ்கீட்டுக்கு எழுதினான். 'ஆபத்து. பெட்டி வீட்டாள் கண்ணில் பட்டுவிட்டது.'

பதில் உடனே வந்தது. 'பதறாதே. சாவியோ நம்பரோ தொலைந்துவிட்டதென்று சொல். திறக்க முடியாத பெட்டியில் யாருக்கும் ஆர்வம் இருக்காது.'

என்ன அனுபவம், என்ன அனுபவம்!

அவன் வெளியே வந்தபோது சாரதா சந்தனக் கிண்ணத்தோடு நின்றாள். "திறந்து வைங்க. உள்ள இருக்கற டிஸ்குக்குத்தான பொட்டு வெக்கணும்?"

"நம்பர் மறந்துபோச்சு, சாரதா."

"அடப்பாவமே! வேலைக்கு எதுவும் ஆயிடாதே?" அவள் அவனைப் பார்த்த பார்வையில் அத்தனை பரிவு. அடுத்த நொடி, பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட, போன் அவள் காதில் இருந்தது. "பசீர் அண்ணா, உங்ககிட்ட இரும்பு அறுக்கற மெஷின் இருக்குல்ல? அதுக்கும் பொட்டு வெச்ச மாதிரி இருக்கும், எடுத்துட்டு வாங்க. ஆறு மணிக்கா? சரிண்ணா. அண்ணிக்குச் சுண்டல் எடுத்து வெச்சிருக்கேன்."

மணி ஐந்தரை.

சேனாபதி மறுபடி பாத்ரூமுக்குப் போனான். 'இன்னும் அரை மணியில் குட்டு உடையப்போகிறது. என் குடும்பமே போச்சு. வீட்டில் துப்பாக்கி நுழையாது என்று சத்தியம் செய்தவன் நான்.'

இந்தமுறை பதில் வரத் தாமதமானது. வெளியே சாரதா வாழைப்பழத்தை வைத்துவிட்டு எங்கோ நடந்து போகும் சத்தம் கேட்டது. வீடு முழுக்க ஊதுபத்தி வாசனை.

'நானும் அப்படிச் சத்தியம் செய்திருக்கிறேன்,' என்று எழுதியிருந்தார் மெஸ்கீட். 'ஒரு வருஷமாகத் தினமும் சொல்லிவிட நினைக்கிறேன். எங்கள் வீட்டில் இருப்பது நல்ல மனசு. பூச்சியைக்கூடக் கொல்லாத மனசு. துப்பாக்கி என்றால் மயக்கமே வந்துவிடும். அதனால்தான் பயம். ஒன்று செய்வோமா? நீ இன்று ஆறு மணிக்குச் சொல். அதே ஆறு மணிக்கு நானும் சொல்கிறேன். இருவரில் யார் துரத்தப்பட்டாலும் மற்றவர் வீட்டில் தங்கிக்கொள்ளலாம்.'

சேனாபதியின் கண்கள் கலங்கின. எங்கோ முன்பின் தெரியாத ஒரு பண்ணையில், ஒரு வெள்ளை மீசை தன் மனைவி முன்னால் தலைகுனிந்து நிற்கப்போகிறது, அவனுக்குத் துணையாக. 'சத்தியம்' என்று பதில் போட்டான்.

ஆறு மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது பசீர் அகமது அறுப்பு மெஷினோடு வந்தார். "எங்க தம்பி அந்தப் பெட்டி? ரெண்டே நிமிஷம், வெண்ணெய் மாதிரி அறுத்துடலாம்" என்றார் உற்சாகமாக.

"அண்ணா, ஒரு நிமிஷம்" என்றான் சேனாபதி.

"ஒரு நிமிஷம் அண்ணா" என்றாள் சாரதாவும். அவள் கையிலிருந்த மணி தானாக இரண்டுமுறை அடித்தது.

விளக்குச் சுடர் அசையாமல் நின்றது. சந்தனம், குங்குமம், சாமந்திப் பூ. வரிசையாகக் குக்கரும் ஏணியும் வயலினும் புல்லு வெட்டும் மெஷினும் மங்கலப் பொட்டோடு உட்கார்ந்திருந்தன. பதிமூன்று வருஷத்துக்கு முன் மணவறையில் பார்த்த மாதிரியே சாரதா தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றாள். இந்த முகத்தை இழக்கப்போகிறோம் என்று நினைத்தபோது சேனாபதி சரஸ்வதி படத்தைப் பார்த்துக் கைகூப்பினான். சுவர்க்கடிகாரம் ஆறு காட்டியது.

"சாரதா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"என்னங்க, நானும் ஒண்ணு சொல்லணும்."

"நீ முதல்ல சொல்லு."

"இல்லீங்க, நீங்க முதல்ல."

"என்னைத் திட்டினாலும் பரவாயில்ல. ஆனா ஊருக்கு மட்டும் போயிடாத."

"அதை நான்தாங்க சொல்லணும்" என்றாள் சாரதா.

பசீர் மெஷினைக் கீழே வைத்துவிட்டு, கண்ணியமாகச் சுண்டல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அப்போது லாண்டரி ரூமிலிருந்து வெண்பா வந்தாள். விரலெல்லாம் குங்குமம். எல்லா மெஷினுக்கும் பொட்டு வைப்பது இந்த வருஷம் அவள் பொறுப்பு.

"அப்பா, அயர்ன்ஹாக்னு அடியில ஒட்டியிருக்கற உங்க பாக்ஸுக்கு வெச்சாச்சு, ஆனா வாஷர் பின்னாடி மெஸ்கீட்னு ஒட்டி அதே மாதிரி அம்மாவோட பாக்ஸ் ஒண்ணு இருக்கே, ஷுட் ஐ டூ தட் ஒன் டூ?"