பொலிவியாவுக்குப் போன பொன்னாடை

எனக்கு ஒரு வியாதி உண்டு. நாலு பேர் வரிசையாக உட்கார்ந்து, எதிரே யாரும் பேசாமல் இருந்தால் என் முழங்கால் தானாக நிமிர்ந்துவிடும். எழுந்து "அனைவருக்கும் வணக்கம்" என்று ஆரம்பித்துவிடுவேன். நியூ ஜெர்சியில் எங்கள் பகுதித் தமிழ்ச் சங்கத்துக்கு ஆறு வருஷம் செயலாளராக இருந்து சம்பாதித்த வியாதி. பல் டாக்டரின் வரவேற்பறையில்கூட ஒருமுறை கால் அசைந்தது (மனைவி சுதா சட்டையைப் பிடித்து இழுத்ததால் மற்ற நோயாளிகள் தப்பித்தார்கள்).

அது முற்றிப்போன ஒரு ஞாயிற்றுக்கிழமையைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

என் மகள் யாழினி, பள்ளி முடிந்ததும் கல்லூரியை ஒரு வருஷம் தள்ளிவைத்துவிட்டுப் பொலிவியாவுக்குப் போகிறேன் என்றாள். நம்மூர்க் கடைகள் இருக்கும் ஐசலினுக்குப் போய்க் கறிவேப்பிலை வாங்கிவரச் சொன்னாலே மூன்று நாள் யோசிப்பவள். அவளுடைய ஸ்பானிஷ் டீச்சர் கரோல், குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர். அவர்களுடைய சபை, ஆண்டிஸ் மலையில் ஒரு மாணவர் விடுதிக்கு நெடுநாளாக உதவி வருகிறது. அங்கே ஐமாரா என்ற பழங்குடிப் பிள்ளைகளுக்குச் சொந்த ஊரில் தொடக்கப் பள்ளியோடு சரி. உயர்நிலைப் பள்ளிக்குப் பல மணி நேரம் நடக்க வேண்டும். அதனால் விடுதியில் தங்கிப் படிக்கிறார்கள். அவர்களோடு ஒரு வருஷம் இருந்து, வீட்டுப் பாடத்துக்கும் சமையலுக்கும் கை கொடுக்க ஒரு தொண்டர் வேண்டுமாம்.

"இது ரெஸ்யூமேக்கு நல்லதா?" என்று கேட்டேன். பொறுப்புள்ள அப்பா வேறென்ன கேட்பான்? யாழினி அன்று என்னைப் பார்த்த பார்வையை இங்கே விவரிக்க விரும்பவில்லை.

விடுதியின் பொறுப்பாளர் சபினா நியூ ஜெர்சிக்கு வந்திருந்தார். அந்த விடுதியிலேயே தங்கிப் படித்தவர். ஞாயிறு வழிபாடு முடிந்ததும் அவரும் சபைக் குழுவும் எங்கள் குடும்பத்தோடு பேசிப் பார்த்துவிட்டு முடிவு சொல்வார்கள். யாழினி ஒரு மாதமாக இதற்காகச் சரியாகச் சாப்பிடக்கூட இல்லை. முந்தின நாள் என்னிடம் வந்து, "ஜஸ்ட் கம் அண்ட் சிட், அப்பா. ப்ளீஸ்" என்றாள்.

இந்த வாக்கியத்தில் எந்தச் சொல் எனக்குப் புரியவில்லை என்று சுதா இன்றுவரை கேட்கிறாள்.

கண்டம் விட்டுக் கண்டம் வந்த விருந்தாளியை வெறுங்கையோடு பார்ப்பதா? அலமாரியிலிருந்து பொன்னாடையை எடுத்தேன். சரிகைக் கரை போட்ட மஞ்சள் பாலியெஸ்டர். முதலில் ஒரு பட்டிமன்ற நடுவருக்குப் போர்த்தினோம். அவர் ஹோட்டல் அறையில் விட்டுவிட்டுப் போனார். பிறகு ஓர் இதய டாக்டருக்கு. அவர் அதைப் பத்திரமாக வைத்திருந்து, நான் பதவி விலகிய விழாவில் எனக்கே போர்த்தினார். அதுவரை அது யாருடைய குளிருக்கும் உதவியதில்லை. கூடவே ஆங்கிலத்தில் மூன்று பக்க உரையும் தயார் செய்துகொண்டேன்.

சுதா கார் ஓட்ட, பின்சீட்டிலிருந்து யாழினி என்னவோ விளக்கிக்கொண்டே வந்தாள். நான் உரையை மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன்.

சபைக் கூடத்துக்குள்ளே மேடை இல்லை, மைக் இல்லை, பேனர் இல்லை. எதிரெதிரே பெஞ்சுகள். முப்பது பேர் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஐந்து நிமிஷம் போனது. பத்து நிமிஷமும் போனது. எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்குகிறவர் பார்க்வே நெடுஞ்சாலை டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டார், கூட்டம் அசந்து தூங்கிவிட்டது. அப்போது ஒரு பெரியவர் எழுந்து, பனியில் கருகிய தன் ரோஜாச் செடி மறுபடி துளிர்த்ததைப் பற்றி இரண்டு வரி சொல்லிவிட்டு உட்கார்ந்தார். யாரும் கைதட்டவில்லை. பாவம், சமாளிக்கிறார் என்று நினைத்தேன்.

அந்த மௌனம்தான் அவர்களுடைய வழிபாடு. உள்ளிருந்து ஏதாவது உந்தினால் மட்டும் ஒருவர் எழுந்து சுருக்கமாகப் பேசுவார் (காரில் யாழினி விளக்கியது இதைத்தான்).

எனக்கும் உந்தியது. எழுந்தேன். பதினோரு நிமிஷம் பேசினேன். கரோல் சபினாவின் காதில் ஸ்பானிஷில் சொல்லிக்கொண்டே வந்தார். தாய்மொழியைக் கண்ணாகப் போற்றும் இனம் எங்கள் இனம் என்றேன். பின்தங்கிய மலைப் பிள்ளைகளின் வாழ்வில் என் மகள் விளக்கேற்றப் போகிறாள் என்றேன். முடித்தபோது ஒரு சத்தமும் இல்லை. தொடங்கிவைப்போமே என்று நானே கைதட்டினேன். யாரும் சேர்ந்துகொள்ளவில்லை. சரி என்று நேராகச் சபினாவிடம் போய்ப் பொன்னாடையைப் போர்த்தி, அவரை ஃபோட்டோவுக்குத் திருப்பி நிறுத்தி, சிரித்தேன். ஃபோட்டோ எடுக்க வேண்டிய சுதா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். யாழினி இரண்டு கைகளாலும் முகத்தை மூடியிருந்தாள். யாரும் எடுக்காத ஃபோட்டோவுக்கு நான் அரை நிமிஷம் போஸ் கொடுத்தேன்.

வழிபாடு முடிந்ததும் பக்கத்து அறையில் டீ கொடுத்தார்கள். யாரும் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது. யாழினி என் பக்கம் திரும்பவே இல்லை. வட்டத் தொப்பியும் மடிப்புப் பாவாடையுமாக இருந்த சபினா, பொன்னாடையைக் கழற்றி இரண்டு முனையையும் பிடித்து இழுத்துப் பார்த்தார். விடுதிக்காகச் சேர்த்து வைத்திருந்த புத்தகங்களை அதில் அடுக்கி, முதுகில் போட்டு மார்புக்கு முன்னால் முடிந்துகொண்டு, ஒரு குலுக்குக் குலுக்கினார். அவர்கள் ஊரில் பெண்கள் பிள்ளையையும் சுமையையும் அப்படித்தான் துணியில் கட்டித் தூக்குவார்களாம். தாங்கும் என்று கரோலிடம் தலையாட்டினார்.

பிறகு என்னைப் பார்த்து ஸ்பானிஷில் கேட்டார். கரோல் அதை மொழிபெயர்த்தார். "எங்க பிள்ளைங்க வீட்ல ஐமாரா பேசுவாங்க, ஸ்கூல்ல ஸ்பானிஷ். மொழி உங்களுக்குக் கண்ணுன்னு சொன்னீங்க. உங்க மகள் உங்ககிட்ட எதுல பேசுவா?"

தாய்மொழிப் பேச்சுப் போட்டிகளுக்கு ஆறு வருஷம் கோப்பை கொடுத்தவன் நான். முழங்கால் அசையவில்லை.

யாழினி என் பக்கம் திரும்பினாள். "தமிழ் தெரியும்ப்பா. எல்லாம் புரியும். நான் ஒரு வேர்ட் யோசிக்கறதுக்குள்ள நீங்களே சொல்லி முடிச்சிடுவீங்க. அதான் இங்கிலீஷ்ல ஷார்ட்டா சொல்லிட்டுப் போயிடறேன்."

வெட்கமாக இருந்தது. இதை அலங்காரமாகச் சொல்ல எனக்கு வரவில்லை.

என்ன சொன்னாள் என்று சபினா கேட்க, யாழினியே ஸ்பானிஷில் சொன்னாள். சபினா வாய்விட்டுச் சிரித்தார். விடுதிக்கு வருகிறவர்கள் எல்லாம் பேசத்தான் வருகிறார்கள், கேட்கத் தெரிந்த பெண் இப்போதுதான் கிடைத்தாள் என்றார். ஆக, பதினெட்டு வருஷமாக நான் கொடுத்த பயிற்சி வீண்போகவில்லை. குழுவினர் கைதூக்கி ஓட்டுப் போடவில்லை. மறுபடி கொஞ்ச நேரம் மௌனமாக இருந்துவிட்டு, போய்வரட்டும் என்றார்கள். நன்றியுரை சொல்லலாமா என்று நான் யோசிப்பதற்குள் சுதா என் கால்மேல் தன் காலை வைத்துவிட்டாள்.

யாழினி போனாள். முதல் மாதமே ஒரு படம் அனுப்பினாள். சபினா மேட்டில் ஏறிக்கொண்டிருக்கிறார். முதுகில் அந்த மஞ்சள் பொன்னாடை, அதில் ஒரு மூட்டை உருளைக்கிழங்கு. எங்கள் சங்க வரலாற்றில் வேலைக்குப் போன முதல் பொன்னாடை அதுதான்.

ஞாயிறுதோறும் வீடியோவில் வருவாள். தமிழில் ஆரம்பித்து, நடுவில் ஒரு சொல் கிடைக்காமல் நிற்பாள். நான் நாக்கைக் கடித்துக்கொண்டு காத்திருப்பேன். ஒரு ஞாயிறு வழக்கத்தைவிட அதிக நேரம் நின்றாள். நல்ல கடினமான சொல்லாக இருக்கும் என்று நானும் கைகட்டிக் காத்திருந்தேன். சமையலறையிலிருந்து வந்த சுதா திரையை எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க, நெட் போய்ப் பத்து நிமிஷம் ஆச்சு. அவ அப்பவே எனக்கு மெசேஜ் போட்டுட்டா."

யாழினி திரும்பி வந்து கல்லூரிக்கும் போய்விட்டாள். நான் தண்ணீர் குடிக்க எழுந்தால்கூட சுதா "என்ன, உந்துதா?" என்கிறாள். அந்த விடுதியில் இன்றும் நெட் நின்றுபோனால், யாழினியின் அப்பா வழிபாட்டில் இருக்கிறார் என்றுதான் பிள்ளைகள் சொல்கிறார்களாம்.