நான் வேலை பார்க்காத ஆபீசின் அசிஸ்டென்ட்

"உட்காரும்மா" என்று ஒருவர் சொன்னதும் நான் ஏன் உட்கார்ந்தேன்?

ஒன்றரை வருடமாகியும் இந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. கால் வலிக்கவில்லை. மயக்கமும் வரவில்லை. என் உழைப்பைத் திருடிய மனிதர், திருடிய பொருளை எல்லோருக்கும் காட்டிக்கொண்டே அப்படிச் சொன்னார். நான் துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தேன். (சரிசெய்துகொண்டு! அதுதான் இன்னமும் குத்துகிறது.)

நான் கட்டுமானப் பொறியாளர். மகள் யாழினி பிறந்ததும் மதுரையில் பார்த்த வேலையை விட்டேன். கணவருக்குக் கொடைக்கானலில் ஆசிரியர் வேலை என்பதால் இங்கே வந்து, நாயுடுபுரத்து வீட்டின் சாப்பாட்டு மேசையில் தனியாக ஆலோசனைத் தொழிலைத் தொடங்கினேன். அனுப்பிய மின்னஞ்சலை மறுபடி திறந்து நான்கு தடவை படித்துப் பயப்படும் ரகம் நான். இந்த ரகம் தனியாகத் தொழில் செய்யலாமா என்று அப்போது யாரும் என்னிடம் கேட்கவில்லை.

முதல் பெரிய வேலை செல்லமுத்து அண்ணனுடையது. மேல்மலையில் பூண்டு போடுபவர். காட்டேஜ் கட்டுவதற்காக ஒரு சரிவில் இடம் வாங்கியிருந்தார். அங்கே மண்ணைத் தாங்கிய பழைய சுவர் விரிசல் விட்டிருந்தது; புதிதாகப் பெரிய தடுப்புச்சுவர் வேண்டும். சுவருக்கு நேர் கீழே அவருடைய அக்கா பாக்கியத்தின் ஓட்டு வீடு.

"சுவரு சாஞ்சா எங்கக்கா தலையிலதான் விழும், பாத்துக்கிடுங்க இஞ்சினியரம்மா" என்றார். "இன்னொருத்தரையும் கேட்டிருக்கேன். ரெண்டு பேரும் ஞாயித்துக்கெழம வெள்ளனே வீட்டுக்கு வாங்க. யாரு சொல்றது சரியாப் படுதோ அவுகளுக்கே குடுத்துர்றேன்."

இடத்தைப் பார்க்கப் போன அன்று பால்வாடிக்கு விடுமுறை. யாழினியை இடுப்பில் வைத்துக்கொண்டே பழைய சுவரின் விரிசல்களைப் படம் எடுத்தேன். விரிசல் எவ்வளவு பெரிது என்று தெரிய, பக்கத்தில் அளவுகோல் வைத்துப் படம் எடுக்க வேண்டும். என் பையில் ரஸ்க், ஈரத்துணி, மாற்று ஜட்டி எல்லாம் இருந்தன; அளவுகோல் மட்டும் இல்லை. யாழினியின் இடதுகால் ஷூவைக் கழற்றி வைத்தேன். ரோஸ் கலர், மேலே ஒரு ஸ்ட்ராபெர்ரி. 'ஷூவின் நீளம் பதினாறு செ.மீ.' என்று படத்துக்குக் கீழே ஒழுங்காக எழுதியும் வைத்தேன்.

எங்கள் வீட்டுப் பிரிண்டர் மழைக்காலத்தில் காகிதத்தை மென்று துப்பும். அதனால் அறிக்கையின் வரைவை வழக்கம்போல ஜெராக்ஸ் கடைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, பிரிண்ட் எடுத்து வந்தேன். அன்று மாலை யாழினிக்குச் சோறு ஊட்டிக்கொண்டே ஏழாம் பக்கத்தைப் பார்த்தபோது என் தப்பு கண்ணில் பட்டது. மண் சுவரைத் தள்ளுவதைக் கணக்குப் போட்டிருந்தேன். மழையில் அந்த மண்ணுக்குள் இறங்கும் தண்ணீரும் சேர்ந்து தள்ளுமே, அதை மறந்திருந்தேன். அது வெளியேறச் சுவரில் ஓட்டைகளும் விடவில்லை. (பாலைவனத்தில் மறக்கலாம். கொடைக்கானலில் மறந்தேன்.) உட்கார்ந்து எல்லாவற்றையும் திருத்தினேன். வரைவை மறந்தேபோனேன்.

ஞாயிற்றுக்கிழமை கணவருக்குப் பள்ளியில் விடுதிப் பொறுப்பு. யாழினியும் என்னோடு வந்தாள். அந்த இன்னொருத்தர் முந்தியே வந்து, செல்லமுத்து அண்ணன் வீட்டு டிவியில் பென் டிரைவைச் செருகிக்கொண்டிருந்தார். பெயர் வேண்டாம், ஜெர்கின் சார் என்று வைத்துக்கொள்வோம். ஊரில் இந்தத் தொழிலில் பழைய கை. வெயிலடித்தாலும் ஜெர்கினைக் கழற்ற மாட்டார்.

"நானே நேர்ல போயி, ஒவ்வொரு விரிசலா அளந்தேன்" என்று ஆரம்பித்தார். டிவியில் முதல் படம் வந்தது.

"அம்மா, என் ஷூ!" என்றாள் யாழினி.

ஐம்பது அங்குலத்தில் ஸ்ட்ராபெர்ரி. கீழே பதினாறு செ.மீ. அடுத்த படம், அடுத்த பக்கம், என் வரிகள், என் காற்புள்ளிகள். மேலே மட்டும் அவர் பெயர். சத்தியமாக, அறிக்கையை ஒருவர் திருடுவார் என்று அதுவரை எனக்குத் தோன்றியதே இல்லை. செருப்பைத் திருடுவார்கள், சரி. கணக்கையுமா?

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஜெர்கின் சார் ஒரே ஒரு நொடி திகைத்தார். பிறகு முகமெல்லாம் சிரிப்பு.

"நம்ம பாப்பாவா! அண்ணே, இவங்க நம்ம ஆபீஸ் பொண்ணுதான். நான்தான் முன்னாடியே போய்ப் பாக்கச் சொன்னேன்."

"அதான பாத்தேன்" என்றார் செல்லமுத்து அண்ணன், பெரிய சந்தேகம் தீர்ந்தவராக. "சின்னப் பிள்ள தன்னந்தனியாவா தொழில் பண்ணும்னு நெனச்சேன்."

நான் எழுந்தேன். தொண்டையில் இரண்டு வாக்கியங்கள் முட்டிக்கொண்டு நின்றன. ஒன்று, 'இது என்னுடையது.' அதற்குள் டிவியில் ஏழாம் பக்கம் வந்துவிட்டது. தம்பி வீட்டுக்கு வந்திருந்த பாக்கியம் அக்கா டம்ளரை ஏந்தியபடி, தன் வீட்டுக்கு மேலே நிற்கப்போகும் சுவரை ஆவலாகப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாவது வாக்கியம் முந்திக்கொண்டது.

"சார், இதுல தண்ணியக் கணக்குல சேக்கல. இந்தச் சுவரு விழுந்துரும்."

சார்! எல்லாம் அந்த ஒரு சொல்லோடு முடிந்தது.

"பாத்தீங்களாண்ணே, நம்ம ஆபீஸ்ல ஒருத்தர் போட்டதை இன்னொருத்தர் செக் பண்ணுவோம்" என்றவர், என் பக்கம் திரும்பினார். "உட்காரும்மா. திருத்துனது கையில இருக்கா?"

உட்கார்ந்தேன். இருந்தது. கொடுத்தேன். கொடுக்காமல் எழுந்து வந்தால், அந்தத் தப்பான சுவரைத்தான் கட்டுவார்கள். அது என் தப்பு. அதைச் சொல்லத்தானே வாயைத் திறந்தேன்? இப்படித்தான் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். வெறும் பயமாகவும் இருக்கலாம். பழைய ஏழாம் பக்கத்தை மறக்காமல் கிழித்துவிடும்படியும் அவரிடம் சொல்லிவிட்டு வந்தேன்.

திரும்பும் வழியில் ஜெராக்ஸ் கடைக்காரரைப் பிடித்தேன்.

"அவரு வந்தப்ப உங்க ஃபைல் ஸ்கிரீன்ல இருந்துச்சு, அது வேணும்னாரு மேடம். உங்க சார்னு நெனச்சேன்."

பொறியாளர்கள் வாட்ஸ்அப் குழுவில் நீளமாகப் புகார் எழுதினேன். அனுப்பும்முன் பார்த்தால், குழுவின் அட்மின் ஜெர்கின் சார். அழித்துவிட்டேன்.

சுவர் எழுந்தது. ஒரு மழைக்காலத்தைத் தாங்கியும் நிற்கிறது. ஓட்டைகளில் தண்ணீர் கொட்டுகிறது. பாக்கியம் அக்கா வாளி வைத்துப் பிடித்துத் துணி அலசுகிறார். எங்கள் வீட்டில் நான் எங்காவது கிளம்பத் தாமதித்தால் கணவர் கேட்பது ஒன்றுதான்: "என்ன, சார் லீவு தரலையா?" யாழினிக்கு இப்போது ஐந்து வயது நெருங்குகிறது. அவளும் கேட்கிறாள். சந்தையில் பார்க்கும்போதெல்லாம் செல்லமுத்து அண்ணன், "ஒங்க சார் சௌக்கியமா?" என்கிறார். நானும், "நல்லா இருக்கார்ங்க" என்கிறேன்.

போன வாரம் அவரே வீட்டுக்கு வந்தார்.

"பக்கத்துச் சரிவுலயும் ஒரு சுவரு போடணும் இஞ்சினியரம்மா. இந்தத் தடவ சாரு வேணாம். அவரு டிவியில படம் காட்டுறதோட சரி. தண்ணி சோலியச் சொன்னது நீங்கதான. நீங்களே தனியாப் போட்டுக் குடுங்க."

எனக்குக் கண்ணில் நீர் முட்டியது. அவர் குரலைத் தாழ்த்தினார்.

"ஆனா ஒண்ணு. மொதலாளிக்குத் தெரியாம அவரு பார்ட்டிய இழுக்கறது தப்புல்ல? எங்கக்கா கேக்குது, 'ஏலே, நேர்மையான பிள்ளையாச்சே, அது செய்யுமா'ன்னு. சாருகிட்ட ஒரு வார்த்த கேட்டுச் சம்மதம் வாங்கிட்டு வெரசாச் சொல்லுங்க. வெள்ளிக்கெழம வாரேன்."

அவர் காப்பியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

உண்மையைச் சொன்னால், இவ்வளவு நாள் 'நல்லா இருக்கார்ங்க' என்று ஏன் சொன்னீர்கள் என்பார் செல்லமுத்து அண்ணன். பொய்க்காரி கட்டும் சுவரை யார் நம்புவார்கள்? ஜெர்கின் சாரிடம் சம்மதம் கேட்டால், நான் அவருடைய அசிஸ்டென்ட்தான் என்று நானே எழுதிக்கொடுத்தது போலாகும். பேசாமல் விலகிக்கொள்ளலாம். ஆனால் அப்புறம் வேலை ஜெர்கின் சாருக்கே போகும், அவர் தனியாகக் கணக்குப் போடுவார், அந்தச் சரிவுக்குக் கீழேயும் இரண்டு வீடுகள் இருக்கின்றன.

இதைப் படித்தவர்கள் யாராவது வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள். முதலாளியே இல்லாத ஒருத்தி, முதலாளியிடம் எப்படிச் சம்மதம் வாங்குவது?